காலேஜ தாண்டி குதிச்சவங்க இப்ப திரும்பி வர்றாங்க

போன வாரம் அக்கா நியூ ஜெர்சில இருந்து போன் பண்ணா. அவ பையன் லெவன்த் படிக்கறான், ஆறடி ஒரு அங்குலம், ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பாயிண்ட் கார்டு, அதாவது பந்த எடுத்துட்டு வந்து ஆட்டத்த நடத்தறவன், நெஜமாவே நல்லா ஆடறான். "டேய், இவன் கோச் என்னமோ சொல்றாருடா, இப்பல்லாம் காலேஜ் டீம்ல ஸ்கூல் பசங்கள எடுக்கறதே கொறைஞ்சு போச்சாம், ஏற்கனவே வேற காலேஜ்ல ஆடிட்டு இருக்கறவனத்தான் தூக்கிட்டு போறாங்களாம், நீதான் தூங்காம இந்த மேட்ச் எல்லாம் பாக்கறியே, நெஜமாவா?"ன்னு கேட்டா. ஆமாக்கான்னு ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் பேசிட்டேன். பாதிலயே ஸ்பீக்கர்ல போட்டுட்டு சமைக்க போயிட்டா போல, குக்கர் விசில் மூணு வாட்டி கேட்டுச்சு. சரி, அவ கேக்காத மிச்சத்த இங்க எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன்.

அமெரிக்கால என்பிஏன்னு இருக்கற பெரிய ப்ரொஃபெஷனல் பாஸ்கெட்பால் லீக்குக்கு போற ரோடு ரொம்ப காலமா காலேஜ் வழியாத்தான். காலேஜ்ல ஆடறவனுக்கு படிப்பு ஃப்ரீ, ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, அதோட சரி. மார்ச் மேட்னஸ்னு மார்ச் மாசம் நடக்கற காலேஜ் டோர்னமென்ட்ட டிவில காட்டறதுக்கு, காலேஜ் விளையாட்ட நடத்தற என்சிஏஏ சங்கத்துக்கு கொட்டற பணம் தனி, கோச்சுக்கு வர்ற சம்பளம் தனி, ஆனா ஆடற பையன் எவன்கிட்டயாவது கை நீட்டி காசு வாங்கினா உடனே சஸ்பெண்ட். 2021 ஜூலை வரைக்கும் இதுதான் கத. இப்படி இருக்கும்போது, நாட்டுலயே டாப் ஆட்டக்காரன், பதினெட்டு வயசு, என்பிஏ டீம் கோடிகள்ல சம்பளம் குடுக்க ரெடியா நிக்குதுன்னா, அவன் ஏன் காலேஜுக்கு போகணும்? பல பேர் போகல. அந்த கதையதான் சொல்ல வர்றேன், ஆனா போனவங்களோட கத எல்லாருக்கும் தெரியும், கோபி பிரையன்ட் தெரியும் லெப்ரான் தெரியும், விட்டுட்டு போகப்பட்ட காலேஜ் கோச்சுங்களோட கத யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு அதான் சுவாரஸ்யமா இருக்கு.

இந்த பழக்கத்த ஆரம்பிச்சு வச்சது மோசஸ் மலோன், 1974. மேரிலாண்ட் யுனிவர்சிட்டில சேர்றேன்னு கையெழுத்தெல்லாம் போட்டுட்டு, ஏபிஏன்னு அப்ப இருந்த இன்னொரு லீக்ல யூட்டா ஸ்டார்ஸ் கூப்பிட்டதும் அங்க போயிட்டார். அடுத்த வருஷம் டேரில் டாக்கின்ஸ், பில் வில்லபின்னு ரெண்டு பேர் ஸ்கூல்ல இருந்து நேரா என்பிஏ. அப்புறம் இருபது வருஷம் அப்படியே அடங்கிடுச்சு. 1995ல கெவின் கார்னெட் போய் கதவ மறுபடி தொறந்து விட்டாரு, மறுவருஷம் கோபி, அதுக்கு மறுவருஷம் டிரேசி மெக்ரேடி, 2001ல குவாமே பிரவுன் ஸ்கூல் பையனா இருந்துட்டே டிராஃப்ட்ல, அதாவது என்பிஏ டீமுங்க வருஷா வருஷம் ரெண்டு ரவுண்டா வரிசைல புது ஆட்டக்காரங்கள எடுக்கற தேர்வுல, முதல் ஆளா போனான், அந்த வருஷம் முதல் எட்டு பேர்ல நாலு பேர் ஸ்கூல் பசங்க. 2003ல லெப்ரான். 2004ல முதல் ரவுண்டுல மட்டும் எட்டு பேர்.

இந்த 2004தான் கோச்சுங்க வயித்துல புளிய கரைச்ச வருஷம். எப்படின்னு சொல்றேன். ஒரு காலேஜ் டீமுக்கு அப்ப 13 ஸ்காலர்ஷிப். ஒரு நல்ல பையன பிடிக்க கோச் ரெண்டு வருஷம் மூணு வருஷம் பின்னாடியே அலைவாரு, அவன் ஆடற சம்மர் டோர்னமென்ட்டுக்கெல்லாம் பறந்து போய் பார்வையாளர் வரிசைல உக்காந்து தன் மூஞ்சிய காட்டுவாரு, வீட்டுக்கு போய் அவங்க அம்மா கைல சாப்பிடுவாரு, பாட்டி வரைக்கும் பேசி கரெக்ட் பண்ணுவாரு. நவம்பர்ல பையன் கையெழுத்து போடுவான். அந்த இடத்துக்கு பாத்து வச்சிருந்த மத்த பசங்கள கோச் விட்டுருவாரு, அவங்களும் வேற காலேஜ் பாத்துட்டு போயிருவாங்க. அப்புறம் ஏப்ரல் மே மாசம் வாக்குல பையன் "சார் நான் டிராஃப்ட்டுக்கு போறேன்"னு ஒரு போன். அந்நேரத்துக்கு கடைல மிச்சம் இருக்கறது அழுகின தக்காளிதான்.

ஷான் லிவிங்ஸ்டன் டியூக்குக்கு வர்றேன்னு சொல்லியிருந்தார், என்பிஏ டீம் கிளிப்பர்ஸ் 4வது ஆளா எடுத்துட்டு போச்சு. ஜே.ஆர். ஸ்மித் நார்த் கரோலினாவுக்கு வர வேண்டியவர். செபாஸ்டியன் டெல்ஃபேர் லூயிவில். அல் ஜெஃபர்சன் ஆர்கன்சா. ஜாஷ் ஸ்மித் இண்டியானா. டியூக், நார்த் கரோலினான்னா சாதா காலேஜ் இல்ல, அவங்களுக்கே இந்த கதின்னா மத்தவன யோசிச்சு பாருங்க. ஒரு கோச்சுக்கு ரெண்டே வழிதான் இருந்துச்சு. ஒண்ணு, ரொம்ப நல்லா ஆடற பையன தொடவே கூடாது, "இவன் எப்படியும் வர மாட்டான்"னு விட்டுட்டு அடுத்த படில இருக்கறவன பிடிக்கணும். இல்லன்னா சூதாட்டம் மாதிரி ஒரு சீட்ட அவனுக்கு போட்டு வச்சுட்டு மே மாசம் வரைக்கும் சாமிய கும்பிடணும்.

போன பசங்க எல்லாரும் ஜெயிச்சாங்கன்னும் இல்ல. லெனி குக்னு நியூயார்க் பையன், ஸ்கூல்ல இருந்தப்ப லெப்ரானுக்கு சமமா பேசப்பட்டவன், 2002 டிராஃப்ட்ல ரெண்டு ரவுண்டுலயும் அவன் பேர யாரும் படிக்கல, என்பிஏல ஒரு மேட்ச் கூட ஆடல. கோர்லியோன் யங் 1998ல டெட்ராய்ட்டுக்கு போய் மொத்தமே 3 மேட்ச்.

என்பிஏ டீம்களுக்கும் இது தலவலியாதான் இருந்துச்சு, பதினேழு வயசு பையன் ஸ்கூல் ஜிம்ல ஆடறத பாத்து கோடி கணக்குல பணம் போட பயம். அதனால 2005 ஒப்பந்தத்துல 19 வயசு ஆகணும், பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் கழியணும்னு ரூல் போட்டாங்க, 2006 டிராஃப்ட்ல இருந்து அமல். அங்கதான் ஒன் அண்ட் டன் ஆரம்பிச்சுது. ஒரு வருஷம் காலேஜ், அடுத்து என்பிஏ. கிரெக் ஓடன் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் கெவின் டுரன்ட் டெக்ஸாஸுக்கும் அப்படித்தான் வந்தாங்க. கென்டக்கில ஜான் கேலிபரி இத ஒரு தொழிலாவே பண்ணாரு, 2010 டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல ஒரே காலேஜ்ல இருந்து அஞ்சு பேர், 2012ல கப்பும் அடிச்சாச்சு. மத்தவங்க ஸ்கூல் பையன்கிட்ட "நாலு வருஷம் இரு, டிகிரி வாங்கு"ன்னு சொல்லிட்டு இருந்தப்ப இந்த மனுஷன் "ஒரு வருஷம் இருந்துட்டு போ, நானே அனுப்பி வைக்கறேன்"ன்னு சொன்னாரு. படிப்பாவது ஒண்ணாவது, முதல் செமஸ்டர் பாஸ் பண்ணிட்டா சீசன் முடியற வரைக்கும் ஓட்டிரலாம், அதுக்கு மேல கிளாஸுக்கு எவன் போறான். இதுக்கு பேரு ஸ்டூடண்ட் அத்லெட். சிரிப்புதான் வரும்.

அந்த ஒரு வருஷத்தையும் காலேஜ்ல கழிக்க மாட்டேன்னு சில பேர் கெளம்பினாங்க. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008ல அரிசோனாவ விட்டுட்டு இத்தாலில ரோம் டீமுக்கு போனான். இமானுவேல் முடியே 2014ல எஸ்எம்யூ காலேஜ விட்டுட்டு சீனால குவாங்டாங். 2019ல லமெலோ பால் ஆஸ்திரேலியால இலவாரா ஹாக்ஸ், ஆர்.ஜே. ஹாம்ப்டன் நியூஸிலாந்து. ஆனா இதெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு, பதினெட்டு வயசுல தெரியாத ஊர்ல போய் முப்பது வயசு ஆளுங்ககூட மோதறது எல்லாராலயும் முடியாது.

நடுவுல நம்ம ஊர் ஆள் ஒருத்தர சொல்லிக்கறேன், 2015ல டல்லஸ் 52வது ஆளா எடுத்த பஞ்சாப் சத்னாம் சிங். காலேஜ்லயும் ஆடல, வேற எந்த லீக்லயும் ஆடல, ஃப்ளோரிடால ஐஎம்ஜி அகாடமில இருந்து நேரா டிராஃப்ட். 2005க்கு அப்புறம் அப்படி போன முதல் ஆள் இவர்தான். என்பிஏ மேட்ச்ல எறங்கல, அது வேற விஷயம்.

சரி, 2017 செப்டம்பர்ல எஃப்பிஐ உள்ள வந்துச்சு. ஷூ கம்பெனி காசு மறைமுகமா பசங்க குடும்பத்துக்கு போகுதுன்னு கேஸ், நாலு பெரிய காலேஜோட அசிஸ்டென்ட் கோச்சுங்க கைது. காசு குடுக்கக்கூடாதுன்னு ரூல் போட்டா காசு நிக்காது, டேபிளுக்கு கீழ போகும், நமக்கு இதெல்லாம் யாரும் க்ளாஸ் எடுக்க வேணாம். அதுக்கு அப்புறம் என்பிஏவே "நாங்க குடுக்கறோம்"னு வந்துச்சு. 2020 ஏப்ரல்ல, என்பிஏவுக்கு கீழ அவங்களே நடத்தற சின்ன லீக்கான ஜி லீக்ல, இக்னைட்னு ஒரு டீம், டாப் ஸ்கூல் பசங்களுக்குன்னே. காலேஜுக்கு போகாத, எங்ககிட்ட வா, சம்பளம் வாங்கு, ஒரு வருஷம் டிரெயின் பண்ணு, அப்புறம் டிராஃப்ட்டுக்கு போ. ஜேலன் கிரீன்தான் முதல் ஆள், 5 லட்சம் டாலர்னு செய்தி வந்துச்சு. பின்னாடியே மிச்சிகனுக்கு வர்றேன்னு சொல்லிட்டு விலகின ஐசேயா டாட், யுசிஎல்ஏவுல கையெழுத்தே போட்டிருந்த டேஷன் நிக்ஸ். காலேஜ் பாஸ்கெட்பால் செத்துச்சுன்னு எழுதாத ஆள் இல்ல. நானும் ஆபீஸ் குரூப்ல பெரிய ஞானி மாதிரி "இனிமே மார்ச் மேட்னஸ்ஸ யார் பாப்பா"ன்னு போட்டேன், அந்த மெசேஜ ஒருத்தன் இன்னும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கான்.

அப்புறம் என்னாச்சுன்னா, 2021 மார்ச் 30, நம்ம ஊர்ல 31ம் தேதி காலைல, வொர்க் ஃப்ரம் ஹோம் காலம், ஒரு பக்கம் லேப்டாப்ல ஸ்டாண்டப் கால், இன்னொரு பக்கம் போன்ல மேட்ச். மார்ச் மேட்னஸ்ல ஃபைனல் ஃபோருக்கு, அதாவது கடைசி நாலு டீமுக்குள்ள, யார் போறதுன்னு முடிவு பண்ற மேட்ச். ஆடறது யாரு? யுசிஎல்ஏவும் மிச்சிகனும். இக்னைட்டுக்கு ஆள பறிகுடுத்த அதே ரெண்டு காலேஜ்! எனக்கு அப்ப உறைக்கல, மேட்ச் முடிஞ்சு காபி போடும்போதுதான் உறைச்சுது. யுசிஎல்ஏ 51-49ன்னு ஜெயிச்சுது, அந்த 51ல 28 பாயிண்ட் அடிச்சது ஜானி ஜுசாங், அவன் யாருன்னா கென்டக்கில ஒரு வருஷம் ஆடிட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கி வந்தவன். அதாவது பாயிண்ட் கார்டு நிக்ஸ் போயிட்டான், காலேஜ் ஒப்பாரி வைக்கல, இருந்த டைகர் கேம்ப்பல வச்சு ஓட்டிச்சு, வேற காலேஜ்ல இருந்து வந்தவன வச்சு ஜெயிச்சுது. அந்த வருஷ டிராஃப்ட்ல ஜேலன் கிரீன் 2வது ஆளா போனான், ஒத்துக்கறேன். டாட் 31வது. நிக்ஸ டிராஃப்ட்ல யாருமே எடுக்கல. முதல் அஞ்சு பேர்ல மிச்ச நாலு பேரும் ஒரு வருஷம் காலேஜ்ல ஆடினவங்க, அதுல ஜேலன் சக்ஸ், அதான் அடுத்த மேட்ச்ல கடைசி செகண்ட்ல பாதி கோர்ட் பக்கத்துல இருந்து அடிச்சு இதே யுசிஎல்ஏவ வீட்டுக்கு அனுப்பினானே, அவன் 5வது.

அன்னிக்கு இருந்து இத பின்னாடி போட்டு பாக்க ஆரம்பிச்சேன். ஜே.ஆர். ஸ்மித் வராம போன நார்த் கரோலினா 2005ல சாம்பியன். மோசஸ் மலோன் வராம போன மேரிலாண்ட் மறுவருஷம் கடைசி எட்டு டீம்ல ஒண்ணு. ஜென்னிங்ஸ் வராம போன அரிசோனா, பழைய கோச் லூட் ஓல்சன் சீசனுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆகியும், கடைசி 16 வரைக்கும் வந்துச்சு. முடியே வராம போன எஸ்எம்யூ அவங்க கான்ஃபரன்ஸ்ல, அதாவது அவங்க ஆடற காலேஜ் குரூப்ல, சாம்பியன். எனக்கு வசதியானத மட்டும் பொறுக்கறேன்னு சொல்வீங்க, நியாயம்தான், ஜாஷ் ஸ்மித் வராம போன இண்டியானா அந்த வருஷம் பெரிய டோர்னமென்ட்டுக்கே போகல. ஆனா அதுக்கு முந்தின வருஷமும் போகல, அது அவங்க பொழப்பு.

என் கணக்கு என்னன்னா, காலேஜ தாண்டி குதிச்ச பசங்க டீம கெடுக்கல, கோச்சோட புத்திய மாத்திட்டாங்க. பதினேழு வயசு பையனோட வார்த்தைய நம்பி ஒரு சீட்ட மூணு வருஷம் பூட்டி வைக்கறது முட்டாள்தனம்னு கோச்சுக்கு பாடம் எடுத்தது 2004 பசங்களும் 2020 பசங்களும்தான். பாடம் படிச்சவங்களுக்கு கருவி கெடச்சது 2021ல. ஏப்ரல்ல, டிரான்ஸ்ஃபர் ஆனா ஒரு வருஷம் சும்மா உக்காரணும்கற ரூல முதல் டிரான்ஸ்ஃபருக்கு எடுத்துட்டாங்க. ஜூலை 1ல என்ஐஎல், அதாவது பையன் தன் பேரையும் மூஞ்சியையும் வச்சு விளம்பரம் பண்ணி காசு சம்பாதிக்கலாம். பேருக்குத்தான் விளம்பரம், கொஞ்ச நாள்லயே பழைய மாணவர் பணக்காரங்க சேந்து ஃபண்டு வச்சு நேரா சம்பளம் மாதிரியே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட ஹவுஸ் செட்டில்மென்ட்ல காலேஜே குடுக்கலாம்னு ஆகிடுச்சு, எல்லா விளையாட்டும் சேத்து முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும்.

நான் இத வீட்ல சொன்னப்ப அம்மா நம்பல. "நம்ம ஊர்ல சீட்டுக்கு நாம டொனேஷன் குடுக்கறோம், அங்க காலேஜ் பையனுக்கு டொனேஷன் குடுக்குதா? நல்லா கேட்டியா?"ன்னாங்க. நல்லா கேட்டேம்மா. ஏ.ஜே. டிபான்ட்சான்னு ஒரு பையன், தன் வயசுல முதல் இடம், 2024 டிசம்பர்ல யூட்டால இருக்கற பிஒய்யூவ தேர்ந்தெடுத்தான், 70 லட்சம் டாலர் வரைக்கும்னு செய்தி. என்பிஏ முதல் ரவுண்டு கடைசில எடுக்கற பையனுக்கு முதல் வருஷ சம்பளம் இதுல பாதி கூட வராது. ஜி லீக்ல சாதா ஆட்டக்காரனுக்கு வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர் கூட கெடையாது. அப்ப எவன் காலேஜ தாண்டி குதிப்பான்? இக்னைட்ட 2024 மார்ச்ல மூடறோம்னு என்பிஏவே சொல்லிடுச்சு. நாலு சீசன்தான் ஓடிச்சு.

இன்னும் கூத்து, இப்ப ஆளுங்க எதிர் திசைல வர்றாங்க. ஐரோப்பால ரியல் மாட்ரிட்ல வளந்த எகோர் டெமின் பிஒய்யூவுக்கும், பார்சிலோனால வளந்த காஸ்பரஸ் யாகுசியோனிஸ் இல்லினாய்ஸுக்கும் ஒரு வருஷம் வந்து ஆடிட்டு 2025 டிராஃப்ட்டுக்கு போனாங்க. அதே 2025ல, இக்னைட்ல சம்பளம் வாங்கி ஆடின தியரி டார்லன் சான்டா கிளாராவுக்கும், லண்டன் ஜான்சன் லூயிவில்லுக்கும் காலேஜ் மாணவனா வந்துட்டாங்க. டெல்ஃபேர் போக வேண்டிய அதே லூயிவில். ஒரு தடவ ப்ரொஃபெஷனல் ஆயிட்டா காலேஜ் கதவு நிரந்தரமா மூடிருச்சுன்னு லெனி குக் காலத்துல சொன்னாங்களே, அந்த பையன நெனச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இப்ப அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். டாப் பசங்களுக்கு பொற்காலம், அதுல சந்தேகமே இல்ல, கூப்பர் ஃபிளாக் டியூக்ல ஒரு வருஷம் ஆடிட்டு முதல் ஆளா டல்லஸ் போனான். அடி வாங்கறது அவனுக்கு கீழ இருக்கற ஆயிரக்கணக்கான பசங்க. அமெரிக்கா ஸ்கூல்கள்ல பாஸ்கெட்பால் ஆடற பசங்க 5 லட்சத்துக்கும் மேல, காலேஜ் ஆட்டத்துல மேல் மட்டமான டிவிஷன் 1 வரைக்கும் போறது நூத்துல ஒருத்தன். அந்த ஒருத்தனோட சீட்டுலயும் இப்ப போட்டி ஸ்கூல் பையன்கூட இல்ல, 22 வயசுல ஜிம்முல ஒடம்ப ஏத்தின ஒரு ஆள்கூட. 2025ல மட்டும் வேற காலேஜுக்கு மாறணும்னு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ங்கற லிஸ்ட்ல பேர் குடுத்த ஆண்கள் டிவிஷன் 1 ஆட்டக்காரங்க 2 ஆயிரத்துக்கும் மேல. ஏறக்குறைய 360 டீம்தான் இருக்கு, கணக்கு போட்டுக்கோங்க. அந்த வருஷம் ஃப்ளோரிடா கப் அடிச்சுதே, அதுல வால்டர் கிளேட்டன் ஐயோனால இருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக், வில் ரிச்சர்ட் பெல்மான்ட். மூணு பேரும் சின்ன காலேஜ்ல பழுத்துட்டு பெரிய காலேஜுக்கு வந்தவங்க. கோச் கண்ணுல பாத்தா தப்பே இல்ல, ரெண்டு வருஷம் காலேஜ்லயே ஆடி காமிச்சவன் கைல இருக்கும்போது, ஸ்கூல் வீடியோவ பாத்து எதுக்கு ஜாதகம் கணிக்கணும்?

சின்ன காலேஜ் கோச்சுங்க நெலம இன்னும் பரிதாபம், யாரும் கண்டுக்காத பையன தேடி பிடிச்சு, ரெண்டு வருஷம் சொல்லிக்குடுத்து ஆளாக்குவாரு, ஏப்ரல் வந்தா பெரிய காலேஜ் காச காட்டி கூட்டிட்டு போயிரும். 2004ல டியூக்குக்கு நடந்தது இப்ப அவருக்கு வருஷா வருஷம் நடக்குது.

இதையெல்லாம் அக்கா பையன்கிட்ட வீடியோ கால்ல சொன்னேன். அவன் ஒரு சத்தமும் போடாம கேட்டுட்டு இருந்தான். கோச் கீழ் மட்டமான டிவிஷன் 3ல நாலு காலேஜோட பேர சொல்லியிருக்காராம், அங்க விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கெடையாது, பீஸ் நாமதான் கட்டணும், மார்க்க வச்சு கொஞ்சம் கொறைப்பாங்க. இல்லன்னா பிளஸ் டூ முடிச்சுட்டு ஒரு வருஷம் ப்ரெப் ஸ்கூல்ல எக்ஸ்ட்ரா ஆடி ஒடம்பு தேத்தணும், அதுக்கும் பணம். அக்கா ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருக்கா, அத திறந்து காட்டினா, நான் எதுவும் பேசல.

"மாமா"ன்னான் கடைசியா. "சொல்றா." "போர்ட்டல்ல பேர் குடுக்கணும்னா முதல்ல ஏதாவது ஒரு காலேஜ் என்ன எடுத்துக்கணும்ல?"

ஆமாடான்னேன். சரி மாமா, ப்ராக்டிஸுக்கு லேட் ஆச்சுன்னு கட் பண்ணிட்டான்.